அபத்த நாடகங்கள் 'வாழ்க்கைக்கு அர்த்தமில்லை' என்றுதான் சொல்கின்றனவா? எங்கள் சனத்துக்கு அது விளங்குமா?

நீங்கள் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுக்கிற பிள்ளை என்று நினைக்கிறேன். முதல் கேள்வியில் ரியூட்டரிக் குறிப்பு மணக்கிறது. பரவாயில்லை. என்னைச் சுட்டது இரண்டாவது கேள்விதான்.

'அபத்த அரங்கு' என்ற பெயரைப் பரப்பியது 1961இல் வந்த, விமர்சகர் மார்ட்டின் எஸ்லினின் நூல். நாடகாசிரியர்கள் பெக்கெற்றும் அயனெஸ்கோவும் கூடிப் பேசி அப்படியொரு கட்சி தொடங்கவில்லை. பெக்கெற் எழுதி 1953இல் பாரிஸில் மேடையேறிய 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தில் இரண்டு பேர் ஒரு மரத்தடியில் கோடோ என்பவருக்காகக் காத்து நிற்கிறார்கள். அவர் வருவதில்லை. "போவமா?" "ஓம், போவம்." ஆனால் அசைய மாட்டார்கள். அர்த்தத்தை யாரோ கொண்டுவந்து தருவார் என்று நிற்கிறவன் அதுவரைக்கும் என்ன செய்வான்? சப்பாத்தோடு மல்லுக்கட்டுவான், தொப்பி மாற்றுவான், சண்டை பிடித்துச் சமாதானமாவான். நாடகம் அதைத்தான் காட்டுகிறது. (விரிவுரையாளர்கள் அடிக்க வரவேண்டாம். நான் பட்டதாரி இல்லை, அதில் நடித்தவன்.)

விளங்குமா? 1957இல் அமெரிக்காவின் சான் குவென்டின் சிறையில் இதை நடித்தபோது 1,400 கைதிகள் கட்டுண்டு பார்த்தார்கள். எங்களுக்கு வாசிகசாலை முற்றம்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். எனக்குப் பன்னிரண்டு வயது, கோடோவிடமிருந்து சேதி கொண்டுவரும் பெடியன் வேஷம். காத்திருக்கிற இருவரில் ஒருவனான விளாடிமிர் வேஷம் மாமாவுக்கு. மரத்துக்கு ஒரு பூவரசங்கிளையை மொட்டையாக்கி, மணல் நிரப்பிய பெயின்ற் வாளியில் நட்டோம். இரண்டாம் அங்கத்தில் நாலைந்து இலை துளிர்க்கவேண்டும், இலைகளைக் கட்ட நூலும் தயார். இரவல் வாங்கிய பெற்றோல்மாக்ஸ் இரண்டு எரிகிறது. மண்ணெண்ணெய் அன்று விற்ற விலைக்கு ஒவ்வொரு நிமிஷமும் காசு. ஆனால் தொடங்க முடியவில்லை. பிரதம விருந்தினர் வரவில்லை. முன்வரிசையில் துணி விரித்த கதிரை வெறுமையாக இருக்கிறது.

இந்த வியாதி இன்னும் மாறவில்லை. போன மாதம் ஒரு விழாவுக்குப் போனேன். ஆறு பேச்சு, நாலு பொன்னாடை, அதற்குப் பிறகு நாற்பது நிமிஷ நாடகம். நடிக்கிற பிள்ளைகள் பூசின முகத்தோடு வெளியே நின்று வியர்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சோடா கொடுக்க ஆளில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று பிரதம விருந்தினருக்காக இரண்டு மணித்தியாலம் காத்துவிட்டுத் தொடங்கினோம். முதல் அங்க முடிவில் நான் போய்ச் சொன்னேன்: "ஐயா இண்டைக்கு வரமாட்டாராம், நாளைக்குக் கட்டாயம் வருவாராம்." பொல்லோடு முன்வாங்கில் இருந்த ஒரு அப்பு எழும்பினார். "உதை அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி! ஏன் எங்களை இவ்வளவு நேரம் இருத்தி வைச்சனீங்கள்?" சனம் அந்த வெறுங்கதிரையைப் பார்த்துச் சிரித்தது. நான் மாமாவைப் பார்த்தேன். மாமாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

அப்பு எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

இரண்டாம் அங்கத்தில் பெடியன் சேதி சொல்வதில்லை. விளாடிமிரே அதைச் சொல்லிவிடுவான், பெடியன் ஆமோதித்தால் போதும். நான் மேடைக்கு வந்தேன். நூலில் கட்டிய இலைகளில் ஒன்று கழன்று தொங்கியது. மாமா வாய் திறக்கமுதல் முன்வாங்கிலிருந்து குரல் வந்தது: "இண்டைக்கும் வரமாட்டாராம், நாளைக்காம். அப்பிடித்தானே தம்பி?"

"ஓம் ஐயா" என்றேன்.