மூக்குல சதை: எடுத்தா திரும்ப வளருமா?

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 44 வயசு, ரெண்டு பக்க மூக்கும் எப்பவும் அடைச்சே இருக்கும், போன வாரம் அடுப்புல பால் தீஞ்சு வீடே நாறுது, பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருக்கார், ஒண்ணும் தெரியல. 6 வருஷம் முன்னாடி மூக்குல சதைன்னு எடுத்தாங்க, ரெண்டே வருஷத்துல திரும்ப வந்துடுச்சு. இப்ப இன்னொரு டாக்டர் எண்டோஸ்கோப்பி ஆபரேஷன்ங்கறார். இனிமே வளராதுன்னு என்ன கேரண்டி?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கேரண்டி யாரும் குடுக்க முடியாதும்மா, குடுத்தா நம்பாதீங்க. அந்தச் சதைக்கு வேர் மூக்குல இல்ல, சைனஸ்ல. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல தேன்கூடு மாதிரி குட்டி குட்டி அறையா எத்மாய்டு சைனஸ் இருக்கு, அதோட உள்தோல் வருஷக்கணக்கா வீங்கி நீர் கோத்து உரிச்ச திராட்சை மாதிரி மூக்குக்குள்ள தொங்குது, அதான் பாலிப். வலிக்காது, அதனாலயே நம்மாளுங்க ஜலதோஷம்னு வருஷக்கணக்கா ஓட்டிடுவாங்க. முன்னெல்லாம் கம்பிச் சுருக்கு மாட்டி இழுத்து எடுப்பாங்க, கண்ணுல பட்டது வந்துடும், அறைக்குள்ள இருக்கறது அப்படியே இருக்கும்.

இப்ப மயக்கம் குடுத்து, 4 மில்லிமீட்டர் தடிமன் எண்டோஸ்கோப்பை மூக்கு வழியாவே விட்டு, உறிஞ்சிக்கிட்டே வெட்டற கருவியால அந்த அறைகளையே திறந்து சுத்தம் பண்றாங்க. முகத்துல தையல் கிடையாது. சைனஸுக்கும் கண்ணுக்கும் நடுவுல பேப்பர் மாதிரி எலும்புதான், மேல மூளை, அதான் முன்னாடியே சிடி ஸ்கேன் கேக்கறாங்க, வீண் செலவுன்னு நினைக்காதீங்க.

ஆனா ஆபரேஷன் வழியைத் திறந்து விடுது, அவ்ளோதான். வீங்கற குணம் உடம்புல இருக்கே! திறந்த வழியில ஸ்டீராய்டு ஸ்ப்ரே உள்ள போய்ச் சேரணும், உப்புத்தண்ணி விட்டுக் கழுவணும் (காய்ச்சி ஆறின தண்ணி மட்டும்). மூக்கு ஃப்ரீயாயிடுச்சுன்னு மூணாம் மாசம் ஸ்ப்ரேயைத் தூக்கிப் போடறவங்கதான் திரும்ப வந்து நிக்கறாங்க. அவருக்கு வீசிங் இருக்கா? ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை போட்டா மூச்சு இழுக்குதா? அப்படின்னா திரும்ப வர்ற வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி, சர்ஜன்கிட்டயும் மயக்க டாக்டர்கிட்டயும் மறக்காம சொல்லிடுங்க.

ஆபரேஷன் ஆனதும் டாக்டர் சொல்ற வரைக்கும் மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும். வாசனை சிலருக்கு சீக்கிரம் வரும், சிலருக்கு முழுசா வராது. அதுவரைக்கும் ராத்திரி கேஸ் ரெகுலேட்டரை நீங்களே மூடிட்டுப் படுங்க.