தமிழ் வழியில் படித்த தங்கைக்கு மருத்துவக் கல்லூரி: எங்கெல்லாம் விண்ணப்பிப்பது, முதல் வருடத்தைத் தாங்குவாளா?

உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நாங்கள் கடலூர். சித்தப்பா வீடு பாகூரில் இருக்கிறது, அந்த முகவரியில் பாண்டிச்சேரி கோட்டாவிலும் ஒன்று போட்டு வைக்கலாமா?" தங்கை அரசுப் பள்ளி, தமிழ் வழி, நீட் எழுதிவிட்டாள், பிணத்தைப் பார்த்தால் பயப்படுவாள் என்பதையெல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் இதற்குப் பதில்: வேண்டாம்.

நானும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து மருத்துவத்தில் சேர்ந்தவள்தான், கடலூர் மாவட்டம் ரெட்டிச்சாவடிப் பக்கத்துப் பெண். எங்களுக்கு நாலு வயலைத் தாண்டினால் புதுச்சேரி. பெட்ரோலுக்கு அந்தப் பக்கம், ரேஷன் அரிசிக்கு இந்தப் பக்கம் என்று பழகிய ஜனங்கள். மருத்துவ சீட்டில் மட்டும் அந்தப் பழக்கம் செல்லாது. தமிழ்நாட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, புதுச்சேரி இடங்களுக்கு சென்டாக் என்ற அந்த ஊர் அரசின் சேர்க்கைக் குழு. இரண்டும் இருப்பிடம் பார்க்கும். தரவரிசைப் பட்டியல் இணையத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரித்தான் வருகிறது. இரண்டு பட்டியலிலும் ஒரே பெயர் இருந்தால், ஒரு இடம் தள்ளி நிற்கிற பிள்ளையின் அப்பா சும்மா இருக்க மாட்டார். சேர்ந்த பிறகுகூட சீட் போகலாம். ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்பார்களே, அதுதான் இது.

ஆனால் பாண்டிச்சேரியே கிடையாது என்று நினைக்க வேண்டாம். எம்.சி.சி. என்ற மத்தியக் குழு நடத்தும் கவுன்சலிங் எல்லோருக்கும் பொது. நாடு முழுக்க உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்கள், எய்ம்ஸ், புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் மத்திய அரசுக் கல்லூரியான ஜிப்மர் எல்லாம் அதற்குள் வரும். ஜிப்மருக்கு 2019 வரை தனி நுழைவுத் தேர்வு இருந்தது. 2020 முதல் நீட் மதிப்பெண்தான். அங்கே புதுச்சேரிக்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் தனி, அதில் உங்கள் தங்கை வரமாட்டாள். ஆக அவளுக்கு இரண்டு விண்ணப்பம்: ஒன்று தேர்வுக் குழு, இன்னொன்று எம்.சி.சி. பின்னதில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று ஒரு கட்டம் வரும். அதைத் தேர்ந்தெடுத்தால் முன்வைப்புத் தொகையே 2 லட்சம் கேட்கும். கட்ட வழியில்லை என்றால் அந்தக் கட்டத்தைத் தொடவே வேண்டாம்.

அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020-ல் வந்த சட்டம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருடம் பாண்டிச்சேரி அரசுப் பள்ளியில் படித்திருந்தால் செல்லாது. எங்கள் பக்கம் அப்படி மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்று வாங்குங்கள். இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அப்படித்தான். அதனால் தனியார் என்றதும் பயந்து விருப்பப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

என் கதை இது: 2020-ல் முதல் முறை எழுதி 720-க்கு 132. வீட்டிலேயே உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைப் போட்டுப் போட்டுப் பார்த்து 2021-ல் 287. அந்த ஒதுக்கீடு இல்லையென்றால் 287-ஐ வைத்துக்கொண்டு அரசுக் கல்லூரி வாசலைக்கூடப் பார்த்திருக்க முடியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, முன்பு இருந்தது.

மதிப்பெண்ணைவிட என்னைப் படுத்தியது அப்பாவின் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றில் 'இராமலிங்கம்', சாதிச் சான்றில் 'ராமலிங்கம்', ஆங்கிலத்தில் ஒன்றில் 'எச்' என்ற எழுத்து கூடுதல், ஒன்றில் அது இல்லை. ஒரு அலுவலகத்தில் இது பெரிய விஷயமே இல்லை என்றார்கள், அடுத்த அலுவலகத்தில் இது வேறு ஆள் என்றார்கள். அம்மா இரண்டு நாள் முந்திரித் தோப்பு வேலையை விட்டுவிட்டு என்னோடு இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்தார். அப்பாவுக்கு அதில் ஒரே வருத்தம், "ஐம்பது வருஷமா ஒரே ஆளாத்தானே இருக்கேன்" என்று.

இன்னொரு காகிதத்தை நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று தமிழ்நாட்டு கவுன்சலிங்குக்குப் போதும். எம்.சி.சி.யில் ஓ.பி.சி., அதாவது இதர பிற்படுத்தப்பட்டோர், இடம் கேட்க, கிரீமி லேயரில் (வசதி படைத்தோர் பிரிவில்) வராதவர் என்ற மத்திய அரசுப் படிவச் சான்று வேண்டும், அதுவும் நடப்பு நிதியாண்டுக்கு வாங்கியது. அகில இந்திய இடங்களில் ஓ.பி.சி.க்கு 27 சதவீதம் வந்ததே 2021-ல்தான். நான் எழுதிய வருடம். சான்று கையில் வருவதற்குள் முதல் சுற்றில் எனக்கு அது பயன்படாமல் போனது. என் மதிப்பெண்ணுக்கு எப்படியும் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம்.

விருப்பப் பட்டியல் போடும்போது ஊரில் எல்லோரும் ஒரு யோசனை சொல்வார்கள். 'கிடைக்கிற கல்லூரியை மேலே போடு' என்பார்கள். தப்பு. உங்களுக்குப் பிடித்த வரிசையிலேயே போடுங்கள். மேலே இருப்பது கிடைக்கவில்லையென்றால் கணினி கீழே இருப்பதைப் பார்க்கும், தண்டனை ஒன்றும் தராது. கடலூர் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி கடலூரில் இல்லை, சிதம்பரத்தில் அண்ணாமலை நகரில் இருக்கிறது. விழுப்புரம் கல்லூரி முண்டியம்பாக்கத்தில். பெயரைப் பார்த்து தூரத்தைக் கணக்குப் போடாதீர்கள். சேரும் அன்று அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் முன்பே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, நகலும் ஐந்தாறு செட் எடுத்துவிடுங்கள். ரிசல்ட் வந்த நாளிலிருந்து போனில் "சார், சீட் கன்ஃபார்ம் பண்ணித் தரேன்" என்று குரல்கள் வரும். எடுக்காதீர்கள்.

சரி, முதல் வருடம்.

கொரோனாவால் எல்லாம் தள்ளிப்போய் 2022 பிப்ரவரியில்தான் எங்களுக்கு வகுப்பு தொடங்கியது. கல்லூரிப் பெயர் வேண்டாம்; வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ். மூன்று பெரிய பாடங்கள்: அனாடமி (உடலின் அமைப்பு), பிசியாலஜி (உடல் இயங்கும் விதம்), பயோகெமிஸ்ட்ரி (உடலின் வேதியியல்). இவற்றில் அனாடமிக்கு மட்டும் தனியாக ஒரு மணம் உண்டு. ஏப்ரனில் ஏறிய ஃபார்மலின், அதாவது பிணம் கெடாமல் வைக்கிற திரவம், எத்தனை துவைத்தாலும் போகாது, அம்மா என் துணிக்குத் தனி வாளி வைத்தார்.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். டிஸ்ஸெக்‌ஷன் ஹாலில், அதாவது உடலை அறுத்துப் படிக்கிற கூடத்தில், முதல் நாள் உடலைத் தொடுவதற்கு முன் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள்: தன் உடலைத் தந்தவரை மரியாதையோடு நடத்துவோம் என்று. அது முடிகிற வரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. துணியை விலக்கியபோது முகம் மூடியே இருந்தது. நான் கால்மாட்டில் நின்றேன். ஒரு பாட்டி. பாதத்தில் வெடிப்பு, பெருவிரல் பக்கத்தில் நடவு நட்டவர்களுக்கு இருக்கிற மாதிரி காய்ப்பு. எங்கள் ஆயா பாதம் அப்படியே. கண் எரிந்தது, ஃபார்மலினால் எல்லோருக்கும்தான் எரிந்தது, அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மயங்கி விழுந்தது நானில்லை, வகுப்பிலேயே ஆறடி உயரமான பையன்.

பத்து நாளில் பழகிவிடும். அதைவிட ஆச்சரியம், ஹாலை விட்டு வெளியே வந்ததும் அகோரப் பசி எடுக்கும். ஃபார்மலின் பசி என்று சீனியர்கள் சொன்னபோது கிண்டல் என்று நினைத்தேன். மெஸ்ஸில் ஆறு தோசை சாப்பிட்ட பிறகு நம்பினேன்.

உண்மையான அடி வேறு இடத்தில் விழுந்தது. கல்லூரியே வைக்கும் முதல் தேர்வான இன்டர்னல்ஸில் அனாடமியில் 100-க்கு 31. பள்ளியில் நான் முதல் மாணவி. நீட்டைத் தமிழில் எழுதினேன். இங்கே தமனி, சிரை, தசைநாண் எதுவும் இல்லை. ஆர்ட்டரி, வெயின், டெண்டன். இதில் ஒரு கூத்து உண்டு. எங்கள் வீட்டில் ரத்தம் எடுக்கிற குழாயும் நரம்புதான், கை மரத்துப்போனாலும் நரம்புதான், குதிகாலுக்கு மேலே விறைப்பாக இருப்பதும் நரம்புதான். வெயின், நெர்வ், டெண்டன் மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பதினெட்டு வருடம் வாழ்ந்தவளுக்கு மூன்றையும் பிரிக்கவே ஒரு மாதம் ஆனது.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அக்குளுக்குள் போகும் நரம்புப் பின்னலைப் பற்றிக் கேட்டார்கள். வரைந்து காட்டச் சொன்னால் வரைவேன். சி5-லிருந்து டி1 வரை ஐந்து வேர், எது எதோடு சேரும், எங்கே பிரியும், எல்லாம் தெரியும். வாய் மட்டும் திறக்கவில்லை. எதிரே இருந்த மேடம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தமிழ்லயே சொல்லும்மா" என்றார். சொன்னேன். நான் சொல்லச் சொல்ல ஆங்கிலச் சொல்லை மட்டும் நடுநடுவே அவர் போட்டுக்கொண்டே வந்தார், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. ஐந்து நிமிடம் இருக்கும். கல்லூரியில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அதுதான்.

அன்றைக்கு இரவு ஒன்று புரிந்தது. உடம்பில் எத்தனை தசை இருந்தாலும் கேள்வி நாலுதான்: எங்கே தொடங்குகிறது, எங்கே போய்ச் சேர்கிறது, எந்த நெர்வ் அதை இயக்குகிறது, அது என்ன வேலை செய்கிறது. ஆரிஜின், இன்சர்ஷன், நெர்வ் சப்ளை, ஆக்‌ஷன். நாலே நாலு ஆங்கில வாக்கியத்தைப் பிழையில்லாமல் எழுதப் பழகிவிட்டால் பெயரை மட்டும் மாற்றி எல்லாத் தசைக்கும் எழுதலாம். ஆங்கிலம் முழுவதையும் கற்றுக்கொண்டு அப்புறம் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று நினைத்ததுதான் என் முட்டாள்தனம். கோடு போட்ட நோட்டில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம், ஒரு நாளைக்குப் பத்துச் சொல். தங்கைக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தைச் சேமியுங்கள்.

பிசியாலஜி லேபில் நம் விரலை நாமே குத்திக்கொண்டு ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். சாலி முறை என்று ஒன்று. ரத்தத்தில் அமிலம் சேர்த்துப் பழுப்பாக்கி, கண்ணாடிக் குழாயில் பக்கத்து நிறத்தோடு ஒத்துவரும் வரை தண்ணீர் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எனக்கு 9.2 வந்தது. தப்பாகச் செய்துவிட்டேன் என்று மறுபடி குத்தினேன். 9.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. என் மேசையில் இருந்த ஐந்து பெண்களில் நாலு பேர் 12-க்குக் கீழே. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை இத்தனை நாள் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன், அம்மாவும் அப்படித்தான் திட்டுவார். தங்கைக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிவிட்டு அனுப்புங்கள். படிப்புக்கு இதைவிடப் பெரிய ஏற்பாடு இல்லை.

இப்போது மாணவர்கள் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து அடிக்கடி போய்ப் பார்க்கும் திட்டம் இருக்கிறது. எங்களுக்குக் கடலோரக் குப்பம் ஒன்று. கூட வந்த இரண்டு பேர் ராஜஸ்தான், ஒருத்தி கேரளா. வகுப்பில் கடகடவென்று பதில் சொல்கிறவர்கள். அங்கே ஒரு அம்மா, "நெஞ்சு கரிக்குது, தலை கிறுகிறுங்குது, ராத்திரியில கெண்டைக்கால் நரம்பு இழுக்குது" என்றதும் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கரிப்பதையும் கிறுகிறுப்பையும் மொழிபெயர்த்துவிட்டேன். நரம்புக்கு வந்ததும் நானே நின்றுவிட்டேன். அந்த அம்மாவிடமே காலைக் காட்டச் சொன்னேன். அவர் காட்டியது தசை.

நடைமுறை விஷயம் கொஞ்சம். வருகை தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீதம். விட்டால் தேர்வு எழுத முடியாது. முதலாண்டுத் தேர்வை நாலு முயற்சிக்குள் தாண்ட வேண்டும். படிப்பு நாலரை வருடம், அதன் மேல் ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக ஹவுஸ் சர்ஜன். ராகிங் முன்பு போல இல்லை. சேரும்போதே மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். ஏதாவது நடந்தால் 1800-180-5522, எந்த நேரமும். முதல் வாரமே புத்தகக் கடைக்கு ஓட வேண்டாம், பாதிப் புத்தகங்கள் சீனியர்களிடமிருந்து வரும். எலும்பும் அப்படித்தான். எனக்கு ஒரு அக்கா கொடுத்த தொடை எலும்பைச் செய்தித்தாளில் சுற்றி, விடுமுறைக்குப் படிக்க பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் முருங்கைக்காயா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஹாஸ்டலா, தினமும் வீட்டிலிருந்து போய்வருவதா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். முதல் வருடம் ஹாஸ்டல். நான் நாலு மாதம் பஸ்ஸில் போய்வந்தேன், 31 வாங்கியது அந்த நாலு மாதத்தில்தான்.