எண்ணெய் வயல் கழிவுநீரில் உள்ள பாலிமரைப் பாக்டீரியா முழுதாகத் தின்றுவிடுமா?

கோலாலம்பூரில் இரசாயனப் பொறியியல் படிக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: பாலிமர் கலந்த கழிவுநீரில் பாக்டீரியாவை விட்டாலே போதாதா, எதற்கு வேறு செலவு?

போதாது. பாக்டீரியா பாலிமரைத் தின்னும்தான். ஆனால் தனக்கு வேண்டியதை மட்டும் கிள்ளித் தின்னும்.

பாறை இடுக்கில் தங்கிய எண்ணெயைத் தள்ள வெறும் தண்ணீரை விட்டால், அது சுலபமான வழி பார்த்து ஓடிவிடும். அதனால் பாலிஅக்ரிலமைடு என்ற நீளச் சங்கிலிப் பாலிமரைக் கரைத்து, தண்ணீரைக் கெட்டியாக்கிச் செலுத்துகிறார்கள். சீனாவின் தாச்சிங் வயலில் 1990களிலிருந்தே பெரிய அளவில் நடக்கிறது. எண்ணெயோடு திரும்பி வரும் நீரில் இந்தப் பாலிமரும் வந்து, எண்ணெய்த் துளிகளைப் பிரியவிடாமல் செய்கிறது.

பினாங்கில் முதுகலை ஆய்வு செய்தபோது நானும் உங்களைப் போலத்தான் நம்பினேன். கரைசலில் கண்ணாடிக் குச்சியை விட்டு எடுத்தால் கம்பிப் பதப் பாகு மாதிரி நூல் இழுக்கும். பாக்டீரியா கலந்து இரண்டு வாரம் குலுக்கியில் வைத்தேன். நூல் நின்றுபோனது. பாலிமர் இருந்தால் நீலம் காட்டும் ஸ்டார்ச்-அயோடைடு சோதனையில், முதல் நாள் மை போலிருந்த நீலமும் வெளுத்திருந்தது. அன்றிரவு கெலுகோரில் அறைத்தோழிகளுக்கு நாசி கண்டார் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் மேற்பார்வையாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: "மொத்தக் கரிமம் எவ்வளவு குறைஞ்சிருக்கும்மா?" கரிமம் என்றால் கார்பன். பாலிமரை முழுதாகத் தின்றிருந்தால் அதுவும் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். அளந்தேன். கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

விஷயம் இதுதான். அந்த நீலம் காட்டுவது, சங்கிலியின் பக்கவாட்டில் தொங்கும் நைட்ரஜன் உள்ள அமைடு தொகுதியை மட்டும். பாக்டீரியா அமிடேஸ் நொதியால் அதைப் பிரித்து, அம்மோனியாவாக வரும் நைட்ரஜனை எடுத்துக்கொள்கிறது. நீலம் வெளுக்கிறது, கரிமச் சங்கிலியோ பாலிஅக்ரிலிக் அமிலமாக அப்படியே கிடக்கிறது. பல மில்லியன் டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள சங்கிலி செல்லுக்குள் நுழையாது, வெளியிலேயே வெட்டியாக வேண்டும். கார்பன்-கார்பன் பிணைப்பை வெட்டுவது லேசான வேலையில்லை. சரி, நூல் ஏன் நின்றது? நீளமான சங்கிலி சில இடங்களில் அறுந்தாலே பாகு இளகிவிடும்.

அதனால் ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது நீல நிறச் சோதனையின் சதவீதத்தோடு நிறுத்தாதீர்கள். கரிம அளவும் மூலக்கூறு எடையும் கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். பாக்டீரியா எங்கிருந்து எடுத்தது என்றும் பாருங்கள். வயல் நீரின் உப்புக்குப் பழகாதது அங்கே பிழைக்காது.

அப்புறம் நான் ஃபென்டன் வினையால் (இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்துச் செய்வது) சங்கிலியை முதலில் துண்டாக்கிவிட்டு, அதே பாக்டீரியாவை விட்டேன். அந்தத் தடவைதான் கரிம அளவு கண்ணுக்குத் தெரிய இறங்கியது.