தலைநகரத்தில் நாலு நாள், நாற்பது வருஷம்: வாசகர் கேள்வி பதில்

தலைநகரங்களுக்குப் போய் வருவது பற்றியும் அங்கேயே குடியிருப்பது பற்றியும் கேட்டு எழுதுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இடமில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, ஆறுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கே: குடும்பத்தோடு முதல் தடவையாக வெளிநாட்டுத் தலைநகரம் ஒன்றுக்குப் போகிறோம். நாலே நாள்தான். பையன் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் 32 இடங்கள் இருக்கின்றன. எப்படிப் பார்த்து முடிப்பது?

ப: பார்த்து முடிக்க வேண்டும் என்கிற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம், பையன் ஆசையாக எழுதியது. அதில் எட்டே எட்டு இடத்தை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு. காலையில் பெரியது ஒன்று, மாலையில் சின்னது ஒன்று, நடுவில் எங்கேயாவது நிழலில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாரிஸில் உள்ள லூவர் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்திருப்பவை மட்டும் சுமார் 35,000. ஒன்றுக்கு அரை நிமிஷம்தான் என்று வைத்துக்கொண்டாலும், தினமும் எட்டு மணி நேரம் நிற்காமல் நடந்தால்கூட, ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஒரு கட்டடத்துக்கே இப்படி என்றால் ஒரு நகரத்தை நாலு நாளில் யார் பார்க்க முடியும்? அங்கே மோனாலிசா ஓவியத்தின் முன்னால் எப்போதும் கூட்டம் நெருக்கியடிக்கும். ஓவியம் 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம், அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் முன்னால் நிற்பவருடைய செல்போன் திரையில்தான் அதைப் பார்க்கிறார்கள். அதே அறையின் எதிர்ச் சுவரில் கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலத்துக்கு ஒரு கல்யாண விருந்து ஓவியம் தொங்குகிறது. வெனிஸ் நகர ஓவியர் வெரோனீஸ் வரைந்தது. இசைக்காரர்கள், வேலைக்காரர்கள், நாய்கள், மேலே மாடத்தில் நின்று எட்டிப் பார்க்கிறவர்கள் என்று அவ்வளவு பேர் அதற்குள் இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கூட்டமே நிற்கிறது, பட்டியலில் அதன் பெயர் இல்லை என்பதால். உங்கள் பையனைத் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். அந்த நாய்களை எண்ணச் சொல்லுங்கள். ஊருக்கு வந்த பிறகு அவன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பான்.

இன்னொன்று, ஒரே இடத்தில் அரை மணி நேரம் சும்மா உட்காரும் பழக்கம். ரோமில் பாந்தியன் என்ற கோயில் இருக்கிறது, கட்டி 1,900 வருஷம் ஆகப்போகிறது. 43 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம், அதன் உச்சியில் மூடப்படாத வட்டத் திறப்பு. மழை பெய்தால் உள்ளேயே பெய்யும். தண்ணீர் வழிந்து ஓடுவதற்கென்றே தரையை லேசாக மேடாக்கி ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். வெயில் நாளில் அந்தத் திறப்பு வழியாக விழும் வெளிச்ச வட்டம் சுவரில் மெல்ல நகரும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அது நகர்வது கண்ணுக்குத் தெரியும். படம் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் வெளியே வருபவருக்கு அது கிடைக்காது.

அப்புறம், கிளம்பும் முன்னால் விடுமுறை நாட்களைச் சரிபாருங்கள். லூவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, பல ஊர்களில் அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை. தங்குமிடம் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை, ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும்.

கே: பெரிய நகரம் எதுவானாலும் கூட்டமும் கட்டடமும்தானே? தலைநகரம் என்பதில் தனியாக என்ன இருக்கிறது?

ப: பெரிய நகரமெல்லாம் தலைநகரமும் இல்லை, தலைநகரமெல்லாம் பெரிய நகரமும் இல்லை. துருக்கியில் பெரியது இஸ்தான்புல், தலைநகரம் அங்காரா. சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் நடந்த போட்டியில்தான் ஆஸ்திரேலியாவுக்குக் கான்பெரா என்று புதிதாக ஒரு தலைநகரமே உருவானது. நீங்கள் கேட்பது இரண்டுமாக இருக்கும் லண்டன், பாரிஸ், டோக்கியோ மாதிரியான ஊர்களைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே தனியாக இருப்பது, நாட்டுக்குப் பொதுவான சொத்தெல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருப்பது. தேசிய நூலகம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், நாடாளுமன்றம். இவற்றின் கதவு நமக்கும் திறந்திருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. லண்டனில் மக்களவை விவாதத்தைப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் கேட்கலாம், கட்டணம் கிடையாது. பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் 1999-இல் ஒரு கண்ணாடிக் குவிமாடம் வைத்தார்கள், நார்மன் ஃபோஸ்டர் வடிவமைத்தது. முன்பதிவு செய்துகொண்டு போனால் சுருள் பாதையில் நடந்து மேலே ஏறலாம். கீழே உறுப்பினர்கள் உட்காரும் அவை, அவர்கள் தலைக்கு மேல் மக்கள். வேண்டுமென்றே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டடங்களில் அது ஒன்று.

கே: அக்கா, வேலை கிடைத்துத் தலைநகரத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. யாரும் யாரையும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரே ஓட்டம். அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. எல்லோரும் இந்த நகரத்தைக் கொண்டாடுகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் ஒட்டவில்லை?

ப: மூன்று மாதத்தில் யாருக்கும் ஒட்டாதும்மா. உன்னிடம் எந்தக் குறையும் இல்லை. ரயிலில் எதிரே இருப்பவர் சிரிக்காததை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதே. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முகங்களைக் கடந்து போகிறவர் ஒவ்வொரு முகத்துக்கும் மனதைக் கொடுத்தால் மாலைக்குள் ஓய்ந்துவிடுவார். அந்த விறைப்பான முகம் ஒரு குடை மாதிரி, வீட்டுக்குப் போனதும் மடக்கி வைத்துவிடுவார்கள்.

இப்போது நல்லதைச் சொல்கிறேன். லட்சத்தில் ஒருவருக்குத்தான் பிடிக்கும் விஷயம் ஒன்று உனக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள். பழைய நாணயம் சேர்ப்பது, பறவைகள் பார்ப்பது, நட்சத்திரம் பார்ப்பது, ஏதோ ஒன்று. ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊரில் அந்தப் பைத்தியம் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்தில் உன் மாதிரி நூறு பேர் இருப்பார்கள். அந்த நூறு பேரில் இருபது பேராவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கோ ஒரு கூடத்தில் கூடிக்கொண்டுதான் இருப்பார்கள். பெரிய நகரம் தரக்கூடிய மிகப் பெரிய சந்தோஷம் இதுதான் என்று நான் நம்புகிறேன், வானளாவிய கட்டடமெல்லாம் இதற்கு அப்புறம்தான். அந்த இருபது பேரைத் தேடிக் கண்டுபிடி. முதல் தடவை போய்விட்டு ஒத்துவரவில்லை என்று நின்றுவிடாதே, மூன்று தடவையாவது போ. மூன்றாவது தடவை உன் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் பொது நூலகத்தில் தொடங்கு. ஹெல்சின்கியில் ஓடி என்று ஒரு நூலகம், நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே, 2018 டிசம்பரில் திறந்தார்கள். பின்லாந்து சுதந்திரம் பெற்ற நூற்றாண்டை ஒட்டி நாடு தன் மக்களுக்கே கொடுத்துக்கொண்ட பரிசு அது. புத்தகம் மட்டும் இல்லை, உள்ளே தையல் மெஷின்கள், முப்பரிமாண அச்சு இயந்திரங்கள், இசைப் பயிற்சி அறைகள் எல்லாம் பொதுமக்கள் பயன்படுத்தவே வைத்திருக்கிறார்கள். கிழிந்த பையைத் தைக்க வந்தவரும் பாட்டுப் பழக வந்த பையனும் ஒரே மாடியில் இருப்பார்கள். எல்லா ஊர் நூலகமும் இப்படி இருக்காது, ஆனாலும் நீ யார், ஏன் வந்தாய் என்று கேட்காத இடம் எந்த ஊரிலும் அதுதான்.

இன்னும் ஒன்று. யாரும் உன்னைப் பார்க்கவில்லை என்கிறாயே, கொஞ்ச நாள் கழித்து அதுவே ஒரு சுகமாகத் தெரியும். பூங்காவில் ஒரு பெண் தனியாகப் புத்தகத்தோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். யார் வீட்டுப் பெண், யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்தச் சுதந்திரம் கிடைக்காத ஊர்கள் எத்தனை என்று யோசித்துப் பார். அடுத்த மாதம் மறுபடி எழுது.

கே: சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடுகிறது. கையில் காசில்லாமல் தலைநகரத்தில் என்ன சந்தோஷம்?

ப: வாடகை விஷயத்தில் உங்கள் வருத்தம் நியாயமானது, அதற்கு மருந்து என்னிடம் இல்லை. ஆனால் அந்த வாடகையோடு சேர்த்து உங்களுக்குக் கிடைத்திருப்பதை எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை, தேசிய ஓவியக் கூடத்துக்கும் அப்படியே. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கும் இலவசம்தான். இலவசமாக இருப்பதில் ஒரு பெரிய வசதி, கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற நெருக்கடி கிடையாது. வேலை முடிந்து வரும் வழியில் நுழைந்து, ஒரே ஒரு சிலையைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அது சுற்றுலாப் பயணிக்கு வாய்க்காது, அங்கே குடியிருப்பவருக்குத்தான் வாய்க்கும்.

கொலம்பியாவின் தலைநகரம் போகோட்டாவில் 1974-லிருந்து ஒரு ஏற்பாடு நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் காலை 7 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை, 120 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகளில் காருக்கு அனுமதி இல்லை. சைக்கிள், சறுக்குச் சக்கரம், நடைவண்டிக் குழந்தை, ஓட்டப் பயிற்சிக்காரர் என்று ஊரே தெருவில் இறங்கிவிடுகிறது.

ரோமில் இன்னொன்று. தெருவோரத்தில் இடுப்புயர வார்ப்பிரும்புத் தூண் நிற்கும், அதிலிருந்து வளைந்த குழாய் வழியாகக் குடிநீர் கொட்டிக்கொண்டே இருக்கும். 1874-இல் வைக்க ஆரம்பித்தார்கள், இப்போது சுமார் 2,500 இருக்கின்றன. குழாய் மூக்கு மாதிரி இருப்பதால் நசோனே, அதாவது பெரிய மூக்கு, என்று பெயர். வெளியூர்க்காரர்கள் குனிந்து, சட்டையை நனைத்துக்கொண்டு குடிப்பார்கள். உள்ளூர்க்காரர் வந்து குழாயின் வாயை ஒரு விரலால் அடைப்பார். குழாயின் மேல்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, அது வழியாகத் தண்ணீர் வளைந்து மேலே பீய்ச்சும், நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விடுவார். ஊரின் நல்ல விஷயங்கள் முக்கால்வாசி அந்த ஓட்டை மாதிரிதான், காசு வேண்டாம், எங்கே விரல் வைப்பது என்று தெரிந்தால் போதும். பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், சொல்லிக்கொடுப்பார்கள்.

கே: அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. அவர்களை அழைத்துப் போய் என்ன காட்ட முடியும்?

ப: நகரத்தை அவர்களுக்கு ஜன்னல் வழியாகக் காட்டுங்கள். சுற்றுலா வண்டிதான் வேண்டும் என்றில்லை. டோக்கியோவில் யமனோத்தே ரயில் நகரின் மையப் பகுதியை வட்டமாகச் சுற்றி வருகிறது, 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு சுற்று சுமார் ஒரு மணி நேரம். புடாபெஸ்டில் 2-ஆம் எண் டிராம் டான்யூப் நதிக்கரையை ஒட்டி நாடாளுமன்றம் வரை போகும். பாங்காக்கில் ஆற்றுப் படகே பொதுப் போக்குவரத்துதான். அலுவலக நேரம் முடிந்து கூட்டம் குறையும் பத்து மணிக்கு மேல் ஏறுங்கள், இருக்கை கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகள், கடைக்குப் போகிறவர்கள், வேலை மாறி வீடு திரும்புகிறவர்கள் எல்லாம் ஏறி இறங்குவார்கள். அப்பா அம்மாவுக்கு நினைவுச் சின்னங்களைவிட மனிதர்களைப் பார்ப்பதுதான் பிடிக்கும், நீங்கள் வேண்டுமானால் கவனியுங்கள்.

கே: தலைநகரத்துக்கு வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. வீடு, அலுவலகம், வீடு. விருந்தாளி வந்தால்தான் ஊரைச் சுற்றிக் காட்டப் போகிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ப: வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்களுக்குத் தெரிந்த ஊர் விருந்தாளிக்குத் தெரியாது. எந்த நுழைவாயிலில் கூட்டம் குறைவு, எந்த மரம் எந்த மாதம் பூக்கும் என்பதெல்லாம் உங்கள் காலுக்கே தெரியும். லண்டனில் டாக்ஸி ஓட்ட உரிமம் வாங்க வேண்டுமானால் நகர மையத்தைச் சுற்றி ஆறு மைல் வட்டத்தில் உள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வருஷக்கணக்கில் தெருத் தெருவாகச் சுற்றிப் படிக்கிறார்கள். அவர்களுடைய மூளையைப் படம் பிடித்து ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பின்பாகம் மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பெரிதாக இருந்தது. தெருக்களைத் தெரிந்துகொள்வது மூளையிலேயே பதிகிற விஷயம். உங்கள் இருபது வருஷமும் வீணாகிவிடவில்லை.

குறை என்னவென்றால் ஒரே தடத்தில் போய் வந்துவிட்டீர்கள். வாரம் ஒரு நாள் இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி நடந்து வாருங்கள். லண்டனில் 1866-இல் தொடங்கிய ஒரு பழக்கம், பெயர் பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளின் சுவரில் நீல வட்டப் பலகை பதிப்பது. தினமும் அந்த வழியாகப் போகிறவர்களே அதை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். எந்த ஊரிலும் முதல் மாடிக்கு மேல் பார்வையைத் தூக்கினால் வேறு ஊர் தெரியும்: பழைய கடையின் அழிந்துபோன பெயர், கட்டிய வருஷம், யாரோ பால்கனியில் வளர்க்கும் செடி.

பெர்லினில் டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்தை 2008-இல் மூடினார்கள். 2010-இல் அதைப் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். ஓடுதளம் அப்படியே இருக்கிறது, விமானம் ஓடிய இடத்தில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள். ஓரங்களில் வீடுகள் கட்டலாம் என்று அரசு திட்டம் போட்டபோது, 2014-இல் வாக்கெடுப்பு நடத்தி நகர மக்களே வேண்டாம் என்று தடுத்தார்கள். நகரத்துக்கு வீடுகள் தேவைதான், அதனால் அந்த முடிவு சரியா என்று இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வாக்களிக்கப் போனவர்கள் அந்த வெட்டவெளியில் ஒரு தடவையாவது காற்று வாங்கியவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. போய்ப் பழகாத இடத்துக்காக யார் மெனக்கெடுவார்கள்?

நீங்கள் தினமும் ஏறும் பேருந்தின் முகப்பில் ஒரு ஊர்ப் பெயர் எழுதியிருக்குமே, அந்தக் கடைசி நிறுத்தத்துக்கு இந்த இருபது வருஷத்தில் ஒரு தடவையாவது போயிருக்கிறீர்களா? வருகிற ஞாயிற்றுக்கிழமை வழக்கமான இடத்தில் இறங்காமல் உட்கார்ந்தே இருங்கள். அங்கே என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.