ஜின் பேரரசர் ஷிசோங்கைக் ‘குட்டி யாவ், ஷுன்’ என்று புகழ்கிறார்களே, அவர் உண்மையிலேயே நல்ல அரசரா?

நல்ல அரசர்தான். யாவ், ஷுன் இருவரும் சீனர்கள் முன்மாதிரியாகச் சொல்லும் பழங்கால மன்னர்கள். வடக்கிலிருந்து படையெடுத்து வந்து வட சீனாவை ஆண்ட ஜுர்சென் இனத்து அரசர் ஒருவருக்கு அந்தப் பெயர் கிடைத்தது சின்ன விஷயமில்லை. நீங்கள் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். அப்படியானால் 1161 முதல் 1189 வரை ஆட்சி, 1165 வாக்கில் தென் சீனாவை ஆண்ட தெற்குச் சோங் அரசோடு சமாதானம், 1187 கணக்கெடுப்பில் 67 லட்சத்துக்கு மேல் குடும்பங்கள், இவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். நான் எழுத வந்த காரணம் வேறு.

நான் வடகிழக்குச் சீனாவிலுள்ள ஹார்பினில் மருத்துவம் படித்தவன். அந்த நகரத்தை ஒட்டிய ஆச்செங்கில்தான் ஜின் வம்சத்தின் முதல் தலைநகரான ஷாங்ஜிங் இருந்தது. மூன்றாம் ஆண்டு அக்டோபர் விடுமுறையில், என்னிடம் ஆங்கிலம் பேசிப் பழகிய சீன நண்பன் ஒருவனோடு போனேன். கோட்டைச் சுவர் நீளமான மண்மேடாகக் கிடந்தது. சுற்றிலும் அறுத்து முடித்த மக்காச்சோளத் தட்டை. நண்பனின் அடையாள அட்டையில் இனம் ‘மஞ்சு’ என்று இருக்கும். மஞ்சுக்கள் ஜுர்சென்களின் வழிவந்தவர்கள். “உங்கள் மொழியில் ஏதாவது சொல்லேன்” என்று கேட்டேன். “எனக்குத் தெரியாது. என் பாட்டிக்கே தெரியாது” என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அன்றிரவு உட்கார்ந்து ஷிசோங்கைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

அவருடைய ஜுர்சென் பெயர் ஊலு. வம்சத்தை நிறுவிய அகுதாவின் பேரன். அவருக்கு முன் ஆண்ட ஹெய்லிங் சொந்த உறவினர்களையே கொன்று குவித்தவர். ஊலுவின் மனைவி ஊலிண்டாவை அரண்மனைக்கு அனுப்பச் சொல்லி ஆணையிட்டார். வீட்டிலேயே உயிரை விட்டால் பழி கணவர் மேல் விழும் என்று கிளம்பிப் போய், தலைநகரை நெருங்கும் வழியில் உயிரை மாய்த்துக்கொண்டார் அந்தப் பெண். பிறகு ஹெய்லிங் தெற்கே போருக்குப் போயிருந்த நேரத்தில் வடகிழக்கிலுள்ள லியாவ்யாங் நகரில் ஊலு பேரரசரானார். ஹெய்லிங்கை அவருடைய அதிகாரிகளே கொன்றார்கள். அதன்பின் 28 ஆண்டுகள் ஆண்டும் ஷிசோங் வேறு யாரையும் பேரரசி ஆக்கவில்லை. அந்தப்புரத்தில் வேறு பெண்கள் இருந்தார்கள் என்று யாராவது வருவீர்கள், இருந்தார்கள், மறுக்கவில்லை. அந்த இடத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

தலைநகரை இன்றைய பெய்ஜிங்குக்கு மாற்றிய ஹெய்லிங், ஷாங்ஜிங் அரண்மனைகளை இடித்து அந்த இடத்தை உழச் சொன்னவர். ஷிசோங் மறுபடியும் கட்டினார். சீனச் செவ்விலக்கியங்களை ஜுர்செனில் மொழிபெயர்க்க வைத்தார், 1173இல் ஜுர்சென் மொழியிலேயே அரசுத் தேர்வு நடத்தினார், தன் மக்கள் சீனக் குடும்பப் பெயர் வைக்கக் கூடாது என்று தடை போட்டார். 1184இல் ஷாங்ஜிங் போய் ஓராண்டு போலத் தங்கினார். 1185இல் ஒரு விருந்தில், வந்து இத்தனை மாதமாகியும் நம் ஊர்ப் பாட்டை ஒருவரும் பாடவில்லையே, நானே பாடுகிறேன் என்று பாடத் தொடங்கினார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. முன்னோர்களைக் கண்ணெதிரே காண்பதுபோல் இருக்கிறது என்ற வரியில் குரல் அடைத்து அழுதுவிட்டார். இரண்டு மாதம் கழித்து, ஊலிண்டா பெற்ற மகனான பட்டத்து இளவரசர் யுன்கோங் இறந்துபோனார்.

அவரை ஒரேயடியாகத் தூக்கிவைக்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். கித்தான் என்ற நாடோடி இனத்தாரின் கிளர்ச்சியை அவர் கடுமையாக ஒடுக்கினார். சீன விவசாயிகளின் நிலத்தை அளந்து பிடுங்கி ஜுர்சென் படைக் குடும்பங்களுக்குக் கொடுத்தார். அவர்களோ அதைக் குத்தகைக்கு விட்டுக் குடித்தார்கள். அது தவறுதான். ஆனால் அதை மட்டும் வைத்து ‘இனவெறியர்’ என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் அந்த விருந்தைப் பற்றி ஒரு வரியாவது படித்துவிட்டுப் பேசட்டும்.

படிக்காமல் பேசுவதைப் பற்றிச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஊர் திரும்பித் தகுதித் தேர்வில் தேறிய பிறகு ஒரு தனியார் மருத்துவமனைக்கு நேர்காணலுக்குப் போனேன். “ஓ, சைனாவா?” என்று கேட்டதோடு சரி, சான்றிதழைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மைனஸ் 25 டிகிரியில் விடிகாலை வார்டுக்குப் போய், சீன மொழியிலேயே நோயாளியின் கதையைக் கேட்டு எழுதிக் கற்றது எதுவும் அவர்களுக்குப் பொருட்டில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இன்னும் ஆறவில்லை.

சரி, ஷிசோங்குக்கு வருகிறேன். யுன்கோங்கின் மகன் இளவரசர் பட்டம் பெற்றபோது தாத்தாவுக்கு ஜுர்செனில் நன்றி சொன்னார், கிழவர் நெகிழ்ந்துபோனார். 1189இல் அந்தப் பேரன் பேரரசர் ஆனார். ஆனால் அவர் பெயர் வாங்கியது சீனக் கையெழுத்துக் கலையில். 1234இல் மங்கோலியர்கள் வம்சத்தையே முடித்துவிட்டார்கள். அந்த விருந்துப் பாட்டு ஜின் வரலாற்று நூலில் சீன மொழியில்தான் பதிவாகியிருக்கிறது. அதை நகலெடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். விடுமுறையில் ஊருக்குப் போனபோது பாட்டிக்கு வாசித்துக் காட்டியதாகவும், இன்னொரு தடவை வாசி என்று பாட்டி கேட்டதாகவும் எழுதியிருந்தான்.