லத்தேரி வரை

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாளிலிருந்து உங்களை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. நான்கு வருடமாக ஸ்கேட்டிங் கற்கிறாள். முதலில் வேகப் போட்டிக்குத்தான் விட்டோம், அவளுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. இப்போது சக்கர ஸ்கேட்டில் பாட்டுக்கு ஆடும் ஆர்ட்டிஸ்டிக் பிரிவு. பனித்தளத்தில் ஆடுகிறவர்களை போனில் பார்த்துப் பார்த்து யுசுரு ஹான்யு, அலிசா லியு என்று எல்லார் பெயரும் அவளுக்கு அத்துப்படி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு பைக்கில் கூட்டி வருகிறேன். போன மாதப் போட்டியில் இரண்டு முறை விழுந்து ஏழாவதாக வந்தாள். பயிற்சியில் விழாமல் செய்யும் தாவல்கள்தான் அவை. ஆடும்போது மணிக்கட்டை ஒரு மாதிரி மடக்குகிறாள், அதை மாற்றினால்தான் மார்க் வரும் என்கிறார் கோச். இவளோ மாற்ற மாட்டேன் என்கிறாள். முதலில் மார்க் வாங்கட்டும், தனி பாணியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். நாளைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கும் உதவும். கோபத்தில் ஏதாவது சொல்லிவிடக் கூடாது என்று, தோற்ற நாட்களில் திரும்பும்போது, வழியில் வரும் லத்தேரி வரை நான் வாயே திறப்பதில்லை. வீடியோ இணைத்திருக்கிறேன். மதிப்பெண்ணா, பாணியா? அவள் என்ன தவறு செய்கிறாள்? பெயர் வெளியிட வேண்டாம்.

குடியாத்தத்திலிருந்து ஒரு தகப்பன்

அன்புள்ள நண்பருக்கு,

வீடியோவை நான்கு முறை பார்த்தேன். முதல் முறை ஆட்டத்தைப் பார்த்தேன். அடுத்த மூன்று முறையும் ஒரே இடத்தைத்தான் பார்த்தேன். ஒரு நிமிடம் நாற்பதாவது நொடியில் விழுகிறாள், உள்ளங்கை இரண்டும் சிமெண்ட் தளத்தில் அறையும் சத்தம் கேட்கிறது. எழுந்ததும் அவள் நடுவர்கள் பக்கம் பார்க்கவில்லை, கோச் பக்கமும் பார்க்கவில்லை. நேராக உங்கள் போனைப் பார்க்கிறாள். அந்த நொடியில் படம் கொஞ்சம் கீழே இறங்குகிறது, 'ச்சே' என்று நீங்கள் சொல்வது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அங்கிருந்து அடுத்த தாவலுக்கு அவள் போகும்போதே தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. இரண்டாவது தடவை அவள் விழுந்தது அதற்கப்புறம்தான். என்ன தவறு செய்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரிந்த ஒரே தவறு, விழுந்ததும் உங்களைப் பார்த்தது. அதையும் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மதிப்பெண்ணா பாணியா என்பதை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். நம் வேலூர் சத்துவாச்சாரிக்காரர் சதீஷ் சிவலிங்கம் 2018இல் கோல்டு கோஸ்டில் மொத்தம் 317 கிலோ தூக்கி காமன்வெல்த் தங்கம் வாங்கினார். பளுதூக்குதலில் கிலோதான் கணக்கு, அழகுக்குத் தனியாக மார்க் கிடையாது. உங்கள் மகள் எடுத்துக்கொண்டது அடுத்தவர் கண்ணால் அளக்கும் ஆட்டம், அதில் சண்டை இருந்துகொண்டேதான் இருக்கும். பனித்தளத்தில் முன்பு ஆறுக்கு இவ்வளவு என்று மார்க் போட்டார்கள். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்ஸில் நடுவர்கள் பேரம் பேசிய விவகாரம் வெடித்த பிறகு அந்த முறையே போய்விட்டது. இப்போது ஒவ்வொரு தாவலுக்கும் விலை உண்டு. ஆக்சல் என்ற தாவலில் மூன்றரைச் சுற்றுக்கு 8 புள்ளி, நாலரைச் சுற்றுக்கு 12.5. அது தவிர ஆட்டத்தின் அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் என்று தனியாகவும் மார்க் போடுகிறார்கள். ஆகவே பாணிக்கும் அங்கே இடம் இருக்கிறது, சண்டையும் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பன்னிரண்டு வயது குழந்தை சார் அது.

உங்கள் கடிதம் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு காரணத்தால். அது வந்த வாரம்தான் ஒரு பள்ளியிலிருந்து பேச்சுப்போட்டிக்கு நடுவராக வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றேன். பதினாறு வருடமாக மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கு முன்னால் கடைசியாகப் போனது உங்கள் ஊருக்குத்தான். தலைப்பு, பெண் கல்வி. இருபதுக்கு மேல் பிள்ளைகள். எல்லாரும் 'அவையோருக்கு என் முதற்கண் வணக்கம்' என்று ஒரே குரலில் தொடங்கினார்கள், ஒரே மாதிரி வலது கையை உயர்த்தினார்கள், பாரதி பெயர் வந்ததும் ஒரே மாதிரி தொண்டை கம்மியது. ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்துக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பழக்கியது. நடுவில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். மூன்று வரி அவளும் அப்படியே சொன்னாள். நாலாவது வரி மறந்துவிட்டது. மைக்கைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் தன் பேச்சிலேயே ஆரம்பித்தாள். "எங்கம்மா பீடி சுத்துறாங்க. நானும் சுத்துவேன். ஸ்கூல் உட்டு வந்தா முன்னூறு சுத்தணும், அதுக்கப்பறம்தான் புக்கு எடுக்கறது, இன்னா பண்றது" என்றாள். கூடத்தில் சிரிப்பு வந்தது. அவள் நிறுத்தவில்லை. பேசப் பேச இரண்டு கையும் அவளை அறியாமலே வயிற்றுக்கு நேராக வந்துவிட்டன, காற்றில் இலையைச் சுருட்டின. இடது கட்டைவிரல் அழுத்தும், வலது கை விரல்கள் உருட்டும், முனையை நகத்தால் மடித்து உள்ளே தள்ளும். ஒரு வாக்கியம் முடியும்போது ஒரு பீடி முடியும்.

நான் அதைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன், என்ன பார்க்கிறேன் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. பார்த்துவிட்டு, முன்னால் இருந்த தாளில் உடல்மொழி என்ற கட்டத்தில் பத்துக்கு மூன்று போட்டேன். உச்சரிப்புக்கு நான்கு. பக்கத்தில் இன்னும் இரண்டு நடுவர்கள், பெரியவர்கள். இவர் என்ன இதற்குப் போய் இவ்வளவு போட்டிருக்கிறார் என்று நினைப்பார்களோ என்ற பயம், வேறொன்றும் இல்லை.

அவளுக்கு ஆறுதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். திரும்பும் பேருந்தில் அவளும் அவள் அப்பாவும் எனக்கு மூன்று சீட் முன்னால் இருந்தார்கள். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. கெட்ட மனிதராகத் தெரியவில்லை, வேலையை விட்டுவிட்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டே வந்தது. அந்த நாலாவது வரியைத் தேடிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். மடியில் டம்ளர், அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். விரல்கள் அசையவே இல்லை. எழுந்து போய் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். கே.வி.குப்பத்தில் இறங்கிப் போய்விட்டார்கள். இன்றைக்கு அவளுக்கு முப்பது வயது நெருங்கும்.

அதே சாலையில்தான் நீங்கள் சனி, ஞாயிறு பைக் ஓட்டுகிறீர்கள்.

பனித்தளத்து ஆட்டத்தில், ஆடி முடித்தவரும் கோச்சும் மார்க் வரும்வரை உட்கார்ந்திருக்க ஓரமாக ஓர் இடம் போட்டிருப்பார்கள். கிஸ் அண்ட் க்ரை என்று பெயர். முத்தம் கொடுக்கவும் அழவுமான இடம், கேமராவுக்கு முன்னால். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் ரஷ்யாவின் கமிலா வலியேவா அங்கே போய் உட்கார்ந்ததை உங்கள் மகள் பார்த்திருப்பாள். பதினைந்து வயது. ஊக்கமருந்துப் புகார், விசாரணை, உலகமே அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாரம் அது. முதல் ஆட்டத்தில் முதலிடம், அடுத்த ஆட்டத்தில் திரும்பத் திரும்ப விழுந்து நான்காம் இடம். மருந்து விவகாரத்தில் அப்புறம் வந்த தீர்ப்பெல்லாம் வேறு கதை. அழுதுகொண்டே தளத்தை விட்டு வெளியே வருகிறாள், வந்த குழந்தையிடம் கோச் கேட்ட முதல் கேள்வி, ஏன் விட்டுவிட்டாய், ஏன் போராடுவதை நிறுத்தினாய் என்பது. ஒலிம்பிக் கமிட்டித் தலைவராக இருந்த தாமஸ் பாக்கே அந்தக் குளிர்ச்சியைப் பார்த்து மனம் கலங்கியதாக மறுநாள் சொன்னார். பனித்தளத்தில் சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதைப் படிப்படியாகப் பதினேழாக உயர்த்தும் முடிவு அந்த வருடம்தான் வந்தது.

நான் அப்படியெல்லாம் கேட்பதில்லையே, பேசாமல்தானே வருகிறேன் என்பீர்கள். நல்ல எண்ணத்தில்தான் வாயை மூடிக்கொண்டு வருகிறீர்கள், நம்புகிறேன். ஆனால் தம்பி, பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு உங்கள் எண்ணம் தெரியாது. அவளுக்குத் தெரிவது உங்கள் முதுகும் ஹெல்மெட்டும். வேலூரில் ஏறி உட்காருகிறாள், பாலாறு தாண்டுகிறது, காட்பாடி தாண்டுகிறது, முதுகு அப்படியே இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் அவளே உங்கள் குரலில் தனக்குச் சொல்லிக்கொண்டு வருவாள், நீங்கள் சொல்லியிருக்கக்கூடியதைவிட மோசமாகவே சொல்லிக்கொள்வாள். ஜெயித்த நாளில் காட்பாடியிலேயே வண்டியை நிறுத்தி ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறீர்கள் அல்லவா? எழுதவில்லை, ஆனால் வாங்கித் தருவீர்கள் என்று தெரியும், எல்லா அப்பாவும் செய்வதுதான். அப்போது அவளுக்குக் கணக்கு புரிந்துவிடும், எந்தப் புள்ளிக்கு அப்பா பேசுவார், எந்தப் புள்ளிக்குப் பேசமாட்டார் என்று. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தை எப்படித் தாவும்? தரையை விட்டுக் கிளம்பும்போதே லத்தேரி ஞாபகம் வந்தால் சுற்று எப்படி முடியும்?

சரி, அலிசா லியுவின் பெயரை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கதையையும் கேட்டுவிடுங்கள். கோச்சுகளைத் தேடியதும் மாற்றியதும் அப்பா. பதின்மூன்று வயதில், 2019இல், அமெரிக்க சாம்பியன். 2022இல் ஒலிம்பிக்ஸ் ஆடி, உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கி, ஏப்ரலில் போதும் என்று விலகிவிட்டார். அப்போது பதினாறு வயது. அப்புறம் கல்லூரிக்குப் போனார், எவரெஸ்ட் அடிவார முகாம்வரை நடந்து போய்விட்டு வந்தார். 2024இல் தானாகத் திரும்பி வந்தபோது, பாட்டு, உடை, பயிற்சி எல்லாவற்றிலும் என் சொல்லும் இருக்கும் என்று சொல்லிவிட்டே வந்தார். 2025 மார்ச்சில் பாஸ்டனில் உலக சாம்பியன். 2006க்குப் பிறகு அந்தப் பட்டம் வாங்கிய முதல் அமெரிக்கப் பெண். அந்த ஆட்டத்தை உங்கள் மகளோடு உட்கார்ந்து பாருங்கள், காலைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். அதைப் பார்த்துவிட்டு, முதலில் மார்க், பிறகு பாணி என்று இன்னொரு தடவை உங்களால் எழுத முடியுமா? இன்றைக்கு அவள் மணிக்கட்டை நிமிர்த்தி வைத்துவிட்டால், பத்தொன்பது வயதில் அதைத் திருப்பிக் கொடு என்று யாரிடம் போய்க் கேட்பீர்கள்? பிரான்ஸின் சூரியா பொனாலி 1998 நாகானோ ஒலிம்பிக்ஸில், தடை என்று தெரிந்தும், பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். மார்க் குறைத்தார்கள். அந்தத் தடை நீங்க 2024 ஆனது. அதுவரை காத்திருந்து செய்யலாம் என்று அவர் நினைத்திருந்தால் அவருக்கு ஐம்பது வயது.

கோச்சையும் நான் குறை சொல்லவில்லை. தாவும்போது கை உடம்போடு ஒட்டினால்தான் சுற்றில் வேகம் வரும், அதில் அவர் சொல்வதை அவள் கேட்டே ஆகவேண்டும். கேட்கிறாள். வீடியோவை நிறுத்திப் பாருங்கள், தாவலில் கை சரியாகத்தான் உள்ளே வருகிறது. மணிக்கட்டு மடங்குவது தாவல்களுக்கு நடுவில், வளைந்து சறுக்கிப் போகும்போது மட்டும். அதை விட்டுவிடச் சொல்லி கோச்சிடம் நீங்கள் பேசுங்கள். அவளைப் பேசவைக்காதீர்கள்.

அடுத்த போட்டிக்குப் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். விழுந்து எழுந்து அவள் உங்களைப் பார்க்கும்போது உங்கள் முகம் அவளுக்குத் தெரிய வேண்டும். திரும்பும்போது, ஜெயித்தாலும் தோற்றாலும், காட்பாடியில் வண்டியை நிறுத்துங்கள். ஆட்டத்தைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள், பசிக்குதா பாப்பா என்று கேளுங்கள், போதும்.

அப்புறம், அந்த மணிக்கட்டு. வலது கை மேலே போய் மடங்கி இறங்கும்போது, இடது கை கீழே எதையோ இழுத்துப் பிடித்திருப்பது போல நிற்கிறது. வாழைநாரில் பூக்கட்டும் கை அப்படித்தான் போகும். உங்கள் அம்மா பூக்கட்டுவார்களா? அவளிடம் கேட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.