ஜெரஜாக் தீவில் கப்பல் பயணிகளை ஏன் தடுத்து வைத்தார்கள்?

குவாரண்டீன் என்றால், நோய் தொற்றியிருக்கலாம் என்று சந்தேகப்படும் ஆளைச் சில நாள் ஊருக்குள் விடாமல் தனியே வைத்துக் கவனிப்பது. பினாங்குப் பாலத்தில் போகும்போது தெற்கே தெரியுமே ஜெரஜாக் தீவு, தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர் தோட்டத்துக்குப் போகும் முன் அங்கேதான் காத்துக் கிடந்தார்கள்.

காரணம், பெரியம்மைக் கிருமி உடம்பில் புகுந்தாலும் காய்ச்சல் தலைகாட்ட ஏறக்குறைய 2 வாரம் ஆகும். அதுவரை ஆள் கல்லுக்குண்டு மாதிரிதான் தெரிவார். வாங்கி வந்த பயறை உடனே பழைய டப்பாவில் கொட்டாமல், வண்டு கிளம்புகிறதா என்று தனியாக வைத்துப் பார்ப்போமே, அதே கணக்கு. (வெனிஸ்காரர்கள் 40 நாள் வைத்தார்கள், அவர்கள் மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் இந்தப் பெயரே வந்தது.)

குவாரண்டீனில் இருந்தவர்கள் எல்லாரும் நோயாளிகள் என்று பலர் நினைக்கிறார்கள். அது நலமாகத் தெரிகிறவர்களுக்கான காத்திருப்பு, நோய் கண்டவரைப் பிரித்து வைப்பது வேறு ஏற்பாடு.